தேவராஜ் மடியில் காதுகுத்து

நீங்கள் எல்லாரும் இந்த வேலைக்குப் புதியவர்கள். வீட்டை எப்படிப் பார்வையிடுவது, குடும்பத்தாரிடம் என்ன கேட்பது, கேட்டதை எப்படி எழுதி வைப்பது என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நானும் அதையே ஆரம்பித்தால் பின்வரிசை கண்ணை மூடிவிடும். அதனால் தூக்கத்தைப் பற்றியே பேசுகிறேன். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தது.

பெற்றவர்களால் கொஞ்ச காலம் வளர்க்க முடியாத குழந்தையை வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கிறோம். இது தத்து கிடையாது. தத்துப் போன குழந்தை திரும்பாது. நம்மிடம் வருகிற குழந்தை திரும்பிப் போகவேண்டும் என்றுதான் வருகிறது. தொண்ணூறுகளில் பெங்களூரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லி வளர்ப்புப் பெற்றோர் தேடினோம். "திரும்பக் குடுக்கறதுக்கு எதுக்கு வளக்கணும் மேடம்?" என்று லிங்கராஜபுரத்தில் ஒரு அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே யோசித்துக்கொண்டு வீடு வந்தேன்.

புது வீட்டுக்கு வந்த குழந்தை நிறையத் தூங்கும். விழித்திருக்கும்போதும் பாதி தூக்கம்தான். வேறு யாரோ காண்கிற கனவுக்குள் தவறி நுழைந்துவிட்டதுபோல, சுவரைத் தொட்டுப் பார்க்கும், தண்ணீர்க் குடத்தைத் தொட்டுப் பார்க்கும், அந்த வீட்டுப் பெண்ணின் புடவை முனையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். அது நிஜம்தான் என்று அதற்குப் புரிய நாளாகும். நாமும் அவசரப்படக் கூடாது. அந்த நாட்களில் நான் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்த வீடுகள் எத்தனையோ.

எங்கள் அமைப்பில் ஒரு வழக்கம் இருந்தது. தூங்குகிற குழந்தையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கிப் போகமாட்டோம். தூக்கிப் போவது சுலபம், அழுகை இருக்காது, அண்டைவீட்டார் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான் சேருவதற்கு முன்னால் அப்படித் தூக்கிப்போன ஒரு குழந்தை, கண்விழித்துப் புது வீட்டைப் பார்த்த பிறகு படுக்க மறுத்துவிட்டதாம். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குமாம். கண்ணை மூடினால் எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள் என்று அதற்குப் பயம். அதிலிருந்து, அழுதாலும் கத்தினாலும் விழித்த குழந்தையைத்தான் கூட்டிப்போவது என்று ஆயிற்று.

பவானியையும் அப்படித்தான் கூட்டிப்போனேன். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது அவள் வீடு. அம்மா சாந்தி வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டுகிறவள். கணவன் சொல்லாமல் போய்விட்டான். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. டி.பி. முற்றி சாந்தி ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தபோது பவானிக்குப் பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து, வழியெல்லாம் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஊதுவத்தி வாசனை. லிங்கராஜபுரத்தில் இறங்கும்வரை கையை மூடி வைத்திருந்தாள்.

அவளை ஏற்றுக்கொண்டவர்கள் தேவராஜும் அவர் மனைவி குமுதாவும். தேவராஜ் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். மூச்சு ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டு இங்கே வந்து, வீட்டு முன்னறையில் மிக்ஸி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். குமுதா கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்வந்தார். ஒரே மகன் பட்டாளத்தில். அதாவது பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது தேவராஜ்தான். எங்கள் மேலாளர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டப் புள்ளைய பகலெல்லாம் ஆம்பளைகிட்டயா விடப்போறே?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், நீங்களும் கேளுங்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் பல வேளைகளில் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். அந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது. தெருப் பெண்கள் மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் விளையாடுகிற அறைக்குள் நுழையுமுன் தேவராஜ் "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "சுரங்கத்துக்குள்ள இருட்டுல ஒருத்தன் பக்கத்துல போறதுக்கு முன்ன குரல் குடுக்கணும் மேடம், இல்லன்னா அவன் பயந்து கால் தப்பிடுவான். அதே பழக்கம்" என்று சிரித்தார். ஒரு குழந்தையும் திடுக்கிடாத வீடு அது. நான் சிபாரிசு செய்தேன், மேலாளர் அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஒரு மழைக்காலம் கழிந்து அடுத்ததும் வந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரிகிறது. காலைக் குளிர், தெருவில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூ, முன்னறையில் கழற்றிப்போட்ட மிக்ஸிகளுக்கு நடுவே பாயில் ஒரு சிறு பெண், ரேடியோ முணுமுணுப்பு. அவள் தேவராஜை அப்பா என்றும் குமுதாவை அம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். முதல்முறை என் காதுபட அப்படிக் கூப்பிட்டபோது தேவராஜ் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர்போல என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தேன். குழந்தை வாயிலிருந்து வருகிற சொல்லை எந்த அதிகாரியாலும் நிறுத்த முடியாது.

சாந்தி பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உடம்பு குச்சியாக இருந்தது. மாத்திரை இன்னும் பாக்கி இருந்தது. ஸ்ரீராம்புரத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. குழந்தையை உடனே அழைத்துப்போகிற நிலையில் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளைத் தேவராஜ் வீட்டுக்குக் கூட்டிப்போவேன். பவானி தேவராஜின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் "ஆஸ்பத்திரி அம்மா" என்பாள். ஒவ்வொரு முறையும் சாந்தி வாங்கிவந்த பிஸ்கெட் பாக்கெட்டைப் பாய்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து பவானி பாயில் தூங்கிவிட்டிருந்தாள். குமுதா உள்ளேயிருந்து சந்தோஷமாக ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தால் கடுகளவு தங்கத் தோடு.

"பாரு சாந்தி, எங்க அண்ணன் தங்கவயல்லருந்து வாங்கி அனுப்பிச்சிருக்கு. தெருவுல எல்லாரும் புள்ள காது இன்னும் மூளியா இருக்கேன்னு கேக்கறாங்க. வர்ற வாரம் அண்ணன் சீரோட வருது. அது மடியில வச்சிதான் குத்தறோம்."

குமுதாவின் மனசில் துளி கல்மிஷம் இல்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வேன். பெண்குழந்தை வீட்டில் இருக்கிறது, காது குத்தவேண்டும், தனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். நம் தமிழ் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. குழந்தைக்கு ஊசி போடவேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று குமுதாவுக்குத் தெரியும். இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. காதுகுத்து தாய்மாமன் மடியில்தான் நடக்கும். எவன் மடி என்று முடிவு செய்தால், எவள் தாய் என்றும் முடிவு செய்தாயிற்று.

சாந்தி டப்பாவைக் கையில் வாங்கவில்லை.

"உங்க அண்ணன் அவளுக்கு மாமான்னா, நான் யாரு?"

சாந்தி எழுந்தாள். "போதும் மேடம். என் புள்ளைய நான் இட்டுனு போறேன். இப்பவே. கஞ்சி ஊத்தியாச்சும் நானே வளத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பாயில் குனிந்து பவானியின் அக்குளில் கைகொடுத்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவள் பெற்ற தாய். உரிமை அவளுடையது. ஆனால் இப்போது போனால் அந்த ஒண்டு மூலையில் மாத்திரையையும் ஊதுவத்தியையும் குழந்தையையும் சேர்த்து அவளால் சமாளிக்க முடியாது. மறுபடி படுத்தால், கோபத்தில் பறித்துக்கொண்டு வந்த வீட்டுக் கதவை மறுபடி தட்டவும் மாட்டாள். குழந்தை ஏதாவது ஒரு பெரிய விடுதிக்குப் போய்ச் சேரும். பவானியோ, தெரியாத ஒரு பெண் தூக்கத்தில் தன்னை எடுத்துப்போனாள் என்று சாந்தியைக் காலமெல்லாம் பார்த்து நடுங்குவாள். உரிமை பேசினாலும் தோற்போம், விதி பேசினாலும் தோற்போம்.

நான் சாந்தியின் கைமேல் கை வைத்தேன். "நீ கூட்டிட்டுப் போறதுன்னா போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா தூங்கற புள்ளைய தூக்காத. முழிக்கட்டும். முழிச்சி உன் மொகத்த பாத்துட்டு வரட்டும்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்க, பவானி வேறு உலகத்தில் இருந்தாள். சாந்தி மெதுவாகக் கையை உருவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் கேட்டு வாங்கியது அந்தத் தூக்கத்தின் நேரத்தை மட்டும்தான். அது எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்த சண்டைபோல் ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. எல்லாம் ரகசியக் குரலில். கோபம் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் உதட்டில் விரல் வைப்பார்கள். வெளியே மேகம் கவிந்து முன்னறை மங்கலாகிவிட்டது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது எனக்கு.

"ராத்திரி ராத்திரி அவ இருமும்போது நெஞ்சுல போட்டுனு ஒக்காந்திருந்தது யாரு?" என்று குமுதா முணுமுணுத்தார்.

"நான் கேட்டனா உங்கள? எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி இருந்திருந்தா உங்க வாசப்படி ஏன் மிதிக்கப்போறேன்? அவன் வூட்ல விட்டுட்டு நிம்மதியா ஆஸ்பத்திரில படுத்திருப்பேன். நாதி இல்லாததுனாலதான என் புள்ள யார் மடிலயோ ஒக்கார்றா?"

அதைச் சொல்லும்போதுதான் சாந்தி அழுதாள். அழுகைச் சத்தத்தையும் முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள். தேவராஜ் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழைய செய்தித்தாளை மடித்து பவானிக்கு விசிறிக்கொண்டிருந்தவர் விசிறலை நிறுத்தினார்.

"அப்ப நான் ஒக்கார்றேன்" என்றார்.

"எங்க?" என்றார் குமுதா.

"மடி. என் மடியில வச்சி குத்தலாம்."

எனக்கு உடனே புரியவில்லை. குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப நீங்க அவளுக்கு மாமா ஆயிடுவீங்க" என்றார் மெதுவாக.

"ஆயிடறேன்."

"அப்பான்னு கூப்பிடறாளே."

"மாறிக்குவா. சின்னப் புள்ள." பிறகு சாந்தியைப் பார்க்காமல், விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் தங்கச்சி இல்லம்மா. உனக்கு இஷ்டம்னாதான். கட்டாயம் இல்ல."

பெங்களூரில் நம் ஆட்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" என்பது. அது வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. சாந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி என்ன சொல்றாங்க?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் குமுதாவை அண்ணியாக்கிவிட்டாள். குமுதா எழுந்து பின்கட்டுக்குப் போனார். கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே போனேன். அவர் தோள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். பாத்திரமெல்லாம் முடிந்த பிறகு, "அத்தைன்னா அத்தை. சோறு நான்தான போடப்போறேன்" என்று சொல்லிவிட்டு டீ வைத்தார். அன்று மிகப் பெரிதாக ஒன்றை விட்டுக்கொடுத்தது குமுதாதான் என்று நான் நினைக்கிறேன்.

டீ ஆறுவதற்குள் பவானி விழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஒருபக்கம் தேவராஜ், மறுபக்கம் சாந்தி. வழக்கம்போல ஒளியப் போனாள்.

"பவானி, இது யாருன்னு நெனச்ச? என் தங்கச்சி" என்றார் தேவராஜ்.

அவள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி அம்மா உன் தங்கச்சியா?"

"ஆமா."

பவானி, சாந்தி கொண்டுவந்திருந்த பிஸ்கெட் பாக்கெட்டை முதல்முறையாக அவளிடமே நீட்டிப் பிரித்துத் தரச் சொன்னாள். தேவராஜுக்குச் சொந்தக்காரி என்றால் பயப்பட வேண்டியதில்லை என்று அவள் கணக்கு. சாந்தி அவசரமாகப் பிரித்ததில் பாக்கெட் கோணல்மாணலாகக் கிழிந்தது. அன்று அவள் குழந்தையைக் கேட்கவில்லை.

மேலாளர் அம்மா குதித்தார். "வளர்ப்புத் தகப்பனா போட்டு வச்சா மாமனாக்கிட்டு வந்திருக்கியே!" நான் ஆக்கவில்லை, அவராக ஆனார் என்றேன். வளர்ப்பு வீட்டார் சடங்கு செய்யக்கூடாது என்பது எங்கள் அமைப்பின் வழக்கம். பெற்றவள் சம்மதித்துச் செய்தால் என்ன என்பதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் நான் நின்றுகொண்டேன். பிறகு வந்த மாதங்களில் சாந்தி விருந்தாளி மாதிரி பாயில் உட்காரவில்லை. குமுதாவோடு அடுப்படியில் நின்றாள், உப்பு அதிகம் என்று திட்டு வாங்கினாள், மாத்திரை போட்டாயா என்று தேவராஜிடம் திட்டு வாங்கினாள். அந்த வீட்டில் திட்டு வாங்குகிறவளைப் பார்த்துப் பவானிக்குப் பயம் போய்விட்டது. சாந்திக்கு உடம்பில் சதை பிடித்தது, தனி அறையும் கிடைத்தது. தள்ளிப்போட்டிருந்த காதுகுத்தை நடத்தி, சாப்பிட்டு, அன்றைக்கே குழந்தையைக் கூட்டிப்போவது என்று எல்லாருமாக முடிவு செய்தோம்.

இதை ஒரு உத்தியாக எடுத்துக்கொண்டு போகிற வீட்டிலெல்லாம் உறவுமுறை கட்டிவிடாதீர்கள். நாம் சொல்லி வருகிற உறவு நாம் போனதும் போய்விடும். நீங்கள் செய்யவேண்டியது, அவர்களாக யோசிப்பதற்கு ஒரு பொழுதை வாங்கிக் கொடுப்பது. அதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அந்தப் பொழுதில் எதுவும் நடக்கலாம்.

காதுகுத்தன்று காலையிலிருந்து தூறல். குமுதாவின் அண்ணனும் வந்திருந்தார். "என்னைக் கூப்ட்டு வச்சிட்டு எடத்த மாத்திட்டீங்களே, பேஜாரா போச்சி எனக்கு" என்று எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொண்டு, மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தார். தேவராஜ் புது வேட்டியில் மணைமேல் உட்கார்ந்தார். தட்டில் சட்டை, கொலுசு, பழம், பூ எல்லாம் தாய்மாமன் சீராக அவரே வைத்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பவானி தேவராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா!" என்று கத்தினாள். அவர் ஒன்றும் திருத்தவில்லை. இரண்டாவது காதுக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. அழுதபடியே சாந்தி நின்ற பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். தேவராஜ் மடியைத் தளர்த்தி அவளை விட்டார்.

மத்தியானம் ஆட்டோ வந்தது. குமுதா சாந்திக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். பவானி காது வலியை மறந்து கொலுசைத் தட்டித்தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு, அகல விழித்த கண்ணோடு அம்மா மடியில் ஏறி உட்கார்ந்தாள். "ஸ்ரீராம்புரா, நிதானவாகி ஹோகி" என்று தேவராஜ் டிரைவரிடம் கன்னடத்தில் மெதுவாகப் போகச் சொன்னார். ஆட்டோ திரும்பி மறைகிறவரை தூறலில் நின்றார்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எல்லா வளர்ப்புப் பெற்றோரிடமும் கடைசியாகச் சொல்கிற விஷயம் அது: குழந்தை தன் தாயோடு ஒட்டுகிறவரை ரொம்ப நாளைக்கு நீங்கள் அங்கே போகக்கூடாது, பார்க்கக்கூடாது. கேட்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாததால் நான் எப்போதும் பையைத் துழாவிக்கொண்டேதான் அதைச் சொல்வேன். அன்றும் பையைத் துழாவிக்கொண்டே சொன்னேன்.

தேவராஜ் கடைசிவரை கேட்டுக்கொண்டார். "சரிங்க மேடம்" என்றார். பிறகு, "அது வளத்தவங்களுக்குத்தான? பொங்கலுக்கு நான் போயி தங்கச்சிய வூட்டுக்கு அழைக்கணுமே. அண்ணன்காரனுக்கும் அந்த ரூல் உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவர் அழுதார்.